தொழுவத்தில் ஒரு முகூர்த்தம்

குற்றாலம்
4 ஜூன் 2025

இங்கிலாந்து தேசத்து நோயாளிகளுக்கெல்லாம் ஊசி போட்டு உயிர் கொடுக்கும் என் மருமகள் ஜெயசித்ராவுக்கு,

மூன்று மாடி, பதினெட்டு அறை, பதினேழு சாவி கொண்ட குற்றாலம் லாட்ஜின் மேனேஜரும் உன் ஒரே தாய்மாமனுமாகிய இசக்கிப்பாண்டி எழுதுவது. ஆரம்பத்திலேயே சத்தியம் செய்துவிடுகிறேன்: இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. நீ நம்பாதே. நீ கட்டிக்கொள்ளப்போகும் பென்னியும் நம்ப வேண்டாம். எழுதுகிற எனக்கே அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று கேட்பாய். என் போன் உன் அம்மாவிடம் இருக்கிறது. சீரியல் பார்க்க வாங்கினாள். இப்போது சீரியல் முடிந்ததும் எனக்கு வந்த மெசேஜ்களையும் அடுத்த எபிசோடாகப் பார்க்கிறாள். ஆகவே ராஜாங்க ரகசியங்கள் இனித் தபாலில்தான். உன் பதிலையும் வீட்டுக்கு அனுப்பாதே, லாட்ஜுக்கு அனுப்பு.

இனி கதை. முன்னொரு காலத்தில் இந்தப் பக்கத்தில் ஒரு ராஜகுமாரி. அவளுக்குக் கல்யாணம். இடம் பார்க்கும் பொறுப்பு மந்திரிக்கு. அவன் உலக மகா மேதாவி. "மண்டபத்தில் எவனும் கல்யாணம் செய்வான். நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு அருவியே பின்னால் நிற்க வேண்டும்" என்று சொல்லி, ஐந்தருவி போகிற வழியில் ஒரு தோப்பில் ஆயிரங்கால் பந்தல் போட்டான். ஏழு யானைகள் கம்பு சுமந்தன. மாதம் என்ன? ஆனி. நல்ல சாரல் காலம்.

முகூர்த்தத்தன்று காலையில் புளியறைப் பக்கமிருந்து கிளம்பியது காற்று. பந்தலை அப்படியே தூக்கியது. கம்பைப் பிடித்துத் தொங்கிய நாதஸ்வர வித்துவானோடு பந்தல் தென்காசிக் கோபுரத்துக்கு மேலே பறந்து, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் மூட்டை மேல் இறங்கியது. ஏதோ புது லோடு என்று நினைத்து வியாபாரிகள் அதை ஏலம் விட்டுவிட்டார்கள். ஏலம் எடுத்தவர் உன் வருங்கால மாமனார் ரத்தினம் அண்ணாச்சி என்று கேள்வி.

மிச்சமிருந்த நாலாயிரம் பேரும் மழைக்கு ஓடி ஒதுங்கியது ஒரு மாட்டுத் தொழுவத்தில். உள்ளே பஸ் அளவுக்கு ஒரு செவலைப் பசு. வேறு கூரை இல்லை, முகூர்த்தமோ போகிறது, அங்கேயே தாலி கட்டினார்கள். செவலை கழுத்தை நீட்டி மாப்பிள்ளையின் மாலையை உருவித் தின்றது. பிறகு தலைப்பாகையைத் தின்றது. பிறகு ஐயர் கையிலிருந்த பஞ்சாங்கத்தில் ஆடி மாதத்தை மட்டும் தின்றது. அன்றிலிருந்துதான் ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. எல்லாரும் கம்பை எடுத்துக்கொண்டு ஓட, மாப்பிள்ளை மட்டும் சொன்னானாம்: "தின்னுட்டுப் போட்டும். அதுக்கும் இன்னைக்குக் கல்யாணச் சாப்பாடுதான?"

இதை எதற்குச் சொன்னேன் என்று கேட்காதே. உன் கல்யாணத்துக்கென்று நீ போனில் அனுப்பிய மூன்று இடங்களின் படங்களை உன் அம்மா பார்த்தாள். மூன்றாவது படத்தில் நின்றாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனவள், நாலு நாளாக என்னோடும் பேசவில்லை.

உன் தாய்மாமன்,
இசக்கிப்பாண்டி

*

ஷ்ராப்ஷயர்
17 ஜூன் 2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் ஏன் சிரிக்கிறாய் என்றாள். ஒரு பசு ஆடி மாதத்தைத் தின்றுவிட்டதாம் என்றேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

ஒரு கேள்விக்குக் கதை இல்லாமல் பதில் சொல்லுங்கள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று? ஆறு மாதமாகச் சண்டை போட்டு ஓய்ந்த விஷயம் இது. பென்னி வீட்டில் பாவூர்சத்திரம் சர்ச்சில் என்றார்கள், அம்மா தென்காசி மண்டபத்தில் என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து லீவு கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதனால்தான் இங்கேயே வைத்துக்கொள்ளலாம், யாருடைய ஊரும் இல்லாத ஊரில், என்று முடிவு செய்தோம். அம்மா அதற்குச் சம்மதித்தாளே! மே மாதம் பாஸ்போர்ட்டும் எடுத்தாளே! "குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் வேணும்ட்டி?" என்று கேட்டவள், படங்கள் போன மறுநாள் போனை எடுத்து "தொழுவமா?" என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவே இல்லை.

அது தொழுவம் இல்லை, மாமா. பார்ன் என்பார்கள். ஒரு காலத்தில் மாடும் வைக்கோலும் இருந்த கட்டடம்தான். இப்போது கழுவித் துடைத்து, விளக்குச் சரம் தொங்கவிட்டு, கல்யாணத்துக்கு விடுகிறார்கள். இங்கே அதுதான் நாகரிகம். வரிசையில் நிற்கிறார்கள். யாரோ ரத்து செய்ததால்தான் அக்டோபர் 25 சனிக்கிழமை எங்களுக்குக் கிடைத்தது. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் அந்தத் தேதியை எங்களுக்காக வைத்திருப்பதாக அந்தப் பண்ணைக்கார அம்மா மிஸஸ் ஹார்டிங் சொல்லியிருக்கிறார்.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இடமெல்லாம் சாக்கு. பென்னி கிறிஸ்தவன் என்பதை அம்மா மனசு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் நேராகச் சொல்லட்டும். அப்பாவும் இல்லை. அம்மாவும் வராமல் நான் மாலை மாற்றமாட்டேன். இதைப் பென்னியிடமும் சொல்லிவிட்டேன்.

மூன்று இடங்களின் விவரத் தாள்களையும் இதோடு வைக்கிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். உள்ளதை மட்டும்.

ஜெயசித்ரா

*

குற்றாலம்
29 ஜூன் 2025

சித்ராவுக்கு,

உள்ளதை மட்டும் வாசி என்று ஒரு லாட்ஜ் மேனேஜரிடம் சொல்கிறாயே, இது நியாயமா? முப்பது வருஷமாக "அருவி தெரியும் அறை" விற்றவன் நான். பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றால் தெரியும். அதனால் உன் தாள்களை வாசித்ததும் அவர்களெல்லாம் என் இனம் என்று புரிந்துவிட்டது. "இயற்கையோடு இணைந்த சூழல்" என்றால் போன் டவர் எடுக்காது. "பழமை மாறாத கூரை" என்றால் ஒழுகும். "குடும்பப் பாங்கான வரவேற்பு" என்றால் வேலைக்கு ஆள் கிடையாது. என்னை அங்கே வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல், நல்ல சம்பளத்துக்கு இதைவிட நன்றாகப் பொய் எழுதித் தருகிறேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். உன் அம்மாவை முற்றத்தில் உட்காரவைத்து, நூறு பேர் கொண்ட சபைக்கு வாசிப்பதுபோல வாசித்தேன்.

முதல் இடம், பெரிய பங்களா, புல்வெளியில் வெள்ளைக் கூடாரம். ராணியின் சித்தப்பா அங்கே வந்துதான் வெயில் காய்வார் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். உன் அம்மா, "கூடாரம்னா பந்தலா?" என்றாள். ஆமாம் என்றேன். "பந்தல் வேண்டாம். காத்து எந்தப் பக்கமிருந்து வரும்னு யாரு கண்டா?"

இரண்டாவது, ஆற்றங்கரை மாவு மில். "தண்ணிப் பக்கமே வேண்டாம்ண்ணே. ஒருதடவ பட்டது போதும்."

மூன்றாவது தாளை நான் எடுக்கவே இல்லை. அவளே எடுத்தாள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, படத்தைத்தான் பார்த்தாள். எவ்வளவு நேரம்? உலையில் போட்ட அரிசி குழைந்து கஞ்சியாகும் நேரம். நிஜமாகவே அன்றைக்குக் கஞ்சிதான் குடித்தோம். பிறகு கேட்டாள்: "இதுல கடைசியா எந்த மாடு கெடந்துச்சாம்?"

மூன்றும் வேண்டாம் என்கிறாள். வேண்டாம் என்ற தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். எனக்கே தலை சுற்றுகிறது. பென்னி விஷயம் இல்லை என்பது மட்டும் தெரியும். போன வாரம் ரத்தினம் அண்ணாச்சி மார்க்கெட்டிலிருந்து ஒரு சாக்கு முருங்கைக்காய் அனுப்பினார். உன் அம்மா அதைச் சம்பந்தி வீட்டுச் சீர் என்று தெரு முழுக்கக் கொடுத்து முடித்துவிட்டாள். வேண்டாத சம்பந்தியின் முருங்கைக்காயை யார் அப்படிக் கொண்டாடுவார்கள்?

பந்தக்கால் நாட்டுகிற உரிமை தாய்மாமனுக்கு என்பது ஞாபகம் இருக்கட்டும். அந்தப் பண்ணையில் குழி தோண்ட விடுவார்களா என்று கேட்டு வை.

இசக்கிப்பாண்டி

*

ஷ்ராப்ஷயர்
14 ஜூலை 2025

மாமா,

நேற்று மிஸஸ் ஹார்டிங் என்னைக் கூப்பிட்டார். எழுபது வயதுக்காரர், ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார். கையில் ஒரு கடிதம். உங்கள் லாட்ஜ் பெயர் அச்சடித்த தாள். கீழே உங்கள் கையெழுத்து. அதற்குக் கீழே லாட்ஜ் சீல் வேறு!

நான் அனுப்பிய தாளிலிருந்து விலாசத்தை எடுத்து அவருக்கு எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கேள்விகளைத் திருப்பிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கட்டடத்தில் எத்தனை மாடுகள் இருந்தன, அவற்றின் குணம் என்ன, கடைசி மாடு எந்த வருஷம் போனது, அக்டோபரில் காற்று எத்திசை, கூரை எப்போதாவது பறந்திருக்கிறதா, பக்கத்தில் இப்போது பசு கிடைக்குமா!

அந்த அம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "உங்கள் வழக்கப்படி திருமணத்தில் பசு நிற்க வேண்டுமா? எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?" பக்கத்துப் பண்ணையில் சாதுவான பழுப்புப் பசு ஒன்று இருக்கிறதாம், ஏற்பாடு செய்கிறாராம், உங்களுக்கும் பதில் எழுதிப் போட்டுவிட்டாராம். பென்னி காருக்குள் போய் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட இதுதானா கிடைத்தது உங்களுக்கு?

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒருதடவ பட்டது போதும்" என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். என்ன பட்டாள்? எப்போது?

இங்கே என் அறையில் அம்மா அப்பா கல்யாணப் படம் இருக்கிறது, வீட்டு ஹாலில் இருப்பதன் நகல். இருப்பதே அந்த ஒரு படம்தான். அதில் அம்மா கழுத்தில் மாலை இருக்கிறது, அப்பா கழுத்தில் இல்லை. சின்ன வயதில் கேட்டபோது "கனமா இருந்துச்சுன்னு கழத்திட்டாவ" என்றாள். இத்தனை வருஷம் அதை நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று ஏனோ அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் உடம்பும் நனைந்திருக்கிறது.

டவுனில் ஒரு ஹோட்டல் ஹால் இருக்கிறது. கார்பெட், ஏசி, நடுவில் தூண். அழகே இல்லாத இடம். அம்மாவுக்குத் தொழுவம்தான் பிரச்சினை என்றால் அதையே பிடித்துவிடுகிறேன். அதற்கு முன்னால் பொய் கலக்காமல் ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள், மாமா. வாழ்நாளில் ஒன்று.

ஜெயசித்ரா

*

குற்றாலம்
26 ஜூலை 2025

சித்ராவுக்கு,

பொய் கலக்காமல் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். நாலாவது இது.

ஹோட்டல் ஹாலைப் பிடித்துவிடாதே. நடுவில் தூண் இருக்கும் இடத்தில் கல்யாணம் செய்தால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தூணைத்தான் வாழ்த்திவிட்டுப் போவார்கள். கொஞ்சம் பொறு.

நான் ஒருத்திக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அவள் அவிழ்க்காமல் என்னால் வாயைத் திறக்க முடியாது. இது பொய் இல்லை. இந்தக் கடிதம் இவ்வளவு சின்னதாக இருப்பதிலேயே உனக்குத் தெரிய வேண்டும்.

சீசன் நேரம். பதினெட்டு அறையும் நிரம்பி மாடிப்படியிலும் ஆள் படுத்திருக்கிறது. (இது கொஞ்சம் பொய்.)

மாமா

*

ஷ்ராப்ஷயர்
7 ஆகஸ்ட் 2025

மாமா,

இன்று காலை அம்மா கூப்பிட்டாள். இரண்டு மாதத்துக்கு அப்புறம் அவளாகவே. சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. பென்னி எப்படி இருக்கான் என்று கேட்கவில்லை. "ஏட்டி, அந்தப் பசுவுக்குக் கொம்பு எங்க?" என்றாள்.

எந்தப் பசும்மா என்றேன். "ஒனக்குத் தெரியாதா? சரி விடு" என்று வைத்துவிட்டாள்.

அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். என் கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்கிறாளா, வரமாட்டேன் என்கிறாளா, கோபமா, சமாதானமா? ஒன்றுமே பிடிபடவில்லை. விசாவுக்கு மனுப் போட இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்றாவது அவளுக்குத் தெரியுமா?

மிஸஸ் ஹார்டிங்கிடம் பார்ன் வேண்டாம் என்று சொல்லப் போனேன். "உன் மாமாவின் பதில் வரட்டும்" என்கிறார். என் கல்யாணத்தில் நான் ஒருத்திதான் வெளியாள் போலிருக்கிறது. 31-ஆம் தேதி கடைசி. அதற்குள் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிடுவேன்.

சித்ரா

*

குற்றாலம்
16 ஆகஸ்ட் 2025

அம்மா சித்ரா,

சத்தியம் அவிழ்ந்துவிட்டது. எழுதுகிறேன்.

அந்த ராஜகுமாரி உன் அம்மா உமாராணி. மந்திரி நான்.

1994, ஆனி மாதம். தென்காசியில் நல்ல மண்டபம் காலியாக இருந்தது. உன் தாத்தா அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினார். நான்தான் மறித்தேன். லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்த புதிது, குற்றாலத்தையே விலைக்கு வாங்கியவன் மாதிரி ஒரு நினைப்பு. போலீஸ் மாப்பிள்ளை, நாலு பேர் மெச்ச வேண்டும், அருவிக்கரைத் தோப்பில் பந்தல் என்று ஒற்றைக்காலில் நின்றேன். தோப்புக்காரியான முப்பிடாதியம்மாள் அன்றைக்கே சொன்னாள், "ஏய்யா, ஆனிக் காத்து ஒம் பந்தலக் கேட்டுட்டா அடிக்கும்?" நான் கேட்கவில்லை.

தாலி கட்டக் கால் மணி நேரம் இருக்கும்போது பந்தல் சரிந்தது. யாருக்கும் அடி இல்லை. நாற்பது பேர் ஓடி முப்பிடாதியம்மாளின் தொழுவத்தில் ஒதுங்கினோம். அங்கேயே சாணி வாசத்தில் உன் அம்மா கழுத்தில் தாலி ஏறியது. சமையல் முழுவதும் சேறு. வந்தவர்கள் பசியோடு போனார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அதற்கப்புறம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "தொழுவத்துக்காரி வந்துட்டா" என்று ஒருத்தியாவது சொல்வாள். பத்து வருஷம் சொன்னார்கள். உன் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுவாள். என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. பிறகு பேசினாள், ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டு: "எம் பிள்ளைக்கு இது தெரியவே கூடாது. அவ கல்யாணம் மண்டபத்துல நடக்கணும். நல்ல காங்கிரீட் மண்டபத்துல." நீ அப்போது அவள் வயிற்றில் மூன்று மாதம்.

அன்றைக்கு நடந்ததை யாராவது கேட்டால் உள்ளபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் யானைகளைச் சேர்த்தேன். ஏழு யானை வந்துவிட்டால் யாரும் மந்திரியைத் திட்டமாட்டார்கள்.

நீ அந்தப் படத்தை அனுப்பியதும் அவளுக்கு என்ன ஆகியிருக்கும், பார். கடல் தாண்டிப் போயும் தன் பிள்ளை தேடித் தேடித் தொழுவத்தையே பிடித்திருக்கிறாள். நம்ம வீட்டுப் பெண்களுக்கு இதுதான் விதியா என்று பயந்துவிட்டாள்.

அந்த இங்கிலீஷ் கடிதத்தைப் பற்றியும் உண்மை சொல்லிவிடுகிறேன். எழுதினது நான். ஒவ்வொரு கேள்வியும் அவள் சொல்லச் சொல்ல எழுதினது. சீல் மட்டும் என் சொந்த யோசனை.

பதில் வந்தது. உள்ளே ஒரு பசுவின் படம். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. உன் அம்மா வாங்கிப் பார்த்தாள். "அண்ணே, நம்ம செவலைல்லா இது!" என்றாள். பிறகு, "கொம்பு எங்க?" உடனே உனக்குப் போன் போட்டாளாம். அன்று சாயங்காலம் லாட்ஜுக்கே தேடி வந்துவிட்டாள். ரிசப்ஷனில் ரூம் கேட்டு நிற்கிற கடையநல்லூர்க் குடும்பத்துக்கு முன்னால் படத்தை நீட்டி, "செவலை மாலையத் தின்னப்போ எங்க வீட்டாவ என்ன சொன்னாவ, ஞாபகம் இருக்காண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். உன் அப்பா சுபாஷ் மாப்பிள்ளை போன இந்த ஆறு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. சிரிப்பு நிற்காமலே கண்ணில் தண்ணீர் வந்தது. கடையநல்லூர்க்காரர் பயந்து வேறு லாட்ஜுக்குப் போய்விட்டார்.

"இத்தன வருசமா கூரைய மட்டும் நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்ண்ணே. அவுக சிரிச்சது மறந்தே போச்சு. பிள்ள அந்தத் தொழுவத்துலயே கட்டட்டும். எனக்கு விசாவுக்கு என்னென்ன வேணும்னு கேளு."

ஆகவே ஹார்டிங் அம்மாளிடம் போய் முடிவாகச் சொல். 25-ஆம் தேதி. அடுத்த வாரம் சென்னைக்குப் போகிறோம், விசாவுக்குக் கைரேகை வைக்க. நீ உன் ஊரில் மூன்று மாலை கட்ட ஏற்பாடு செய். உங்களுக்கு இரண்டு. மூன்றாவது பசுவுக்கு, அது நம்ம மாலை மேல் கண் வைக்காமல் இருக்க. உன் அம்மா உத்தரவு. கூரைக்குக் கீழே நடப்பதால் பந்தக்கால் நாட்டும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன். நான் பந்தல் போட்டவரைக்கும் போதும்.

இனி நீ என் முதல் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எது எது பொய் என்று பென்னியிடம் சொல்லலாம். யானை பொய். பந்தல் பறந்தது பொய், சரிந்ததில் கொஞ்சம் கீற்று பக்கத்து வாழைத்தோட்டம் வரைக்கும்தான் போனது. ரத்தினம் அண்ணாச்சி எதையும் ஏலம் எடுக்கவில்லை. செவலை பஸ் அளவு கிடையாது, தலைப்பாகையைத் தொடவில்லை, ஆடி மாதத்துக்கு அது பொறுப்பில்லை. அது தின்றது ஒரு மாலைதான். அதைப் பார்த்து நனைந்த சட்டையோடு உன் அப்பா சொன்ன அந்தக் கல்யாணச் சாப்பாட்டு வரி இருக்கிறதே, அதில் மட்டும் நான் ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை.

இசக்கிப்பாண்டி